கிறவல் ரோட்டில் ஓடும் கரவனுக்குத் தண்ணீர்த் தாங்கி பூட்டுவது

கரவனுக்குள் (வாகனத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும், படுத்துத் தங்கும் வண்டி) தண்ணீர்த் தாங்கி பூட்டுவது பற்றிக் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பாலானவை இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. இங்கிலாந்தில் கரவன் நிறுத்தும் இடங்களில் குழாய்த் தண்ணீர் இருக்கும். அக்வாரோல் என்ற 40 லீற்றர் பரலை அந்தக் குழாயில் நிரப்பி, தரையில் உருட்டிக்கொண்டு வந்து, கரவனுக்குப் பக்கத்தில் வைத்து, சின்னப் பம்ப் ஒன்றை அதற்குள் இறக்கிவிடுவார்கள். வண்டிக்குள்ளேயே ஒரு தாங்கி இருந்தால் அது அவர்களுக்கு மேலதிக வசதி, அவ்வளவுதான்.

வன்னியில் நிலைமை வேறு. ஆகஸ்ட் 15 மடுத் திருநாளுக்குப் போகிறவர்கள் நடுக் கோடையில் காட்டோரம் கொட்டில் போட்டுத் தங்குகிறார்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனாலும் வெயில் அதே வெயில்தான். அவ்வளவு சனத்துக்குள் வாளியோடு வரிசையில் நிற்பதைவிட, தண்ணீரை வண்டியிலேயே கொண்டுபோவது மேல். ஆனால் அந்தத் தண்ணீரை நாங்கள் எடுக்கப்போவது கிணற்றில், குழாய்க் கிணற்றில், தெரிந்தவர் வீட்டு மோட்டரில். ஓடப்போவதும் ஏ9 வீதியில் மட்டுமில்லை; மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் பக்கம் போய், அங்கிருந்து ஏதாவது ஒரு குளக்கட்டுக்கு இறங்கினால் கிறவல்தான். எங்கே நிரப்புவோம், எந்த ரோட்டில் ஓடுவோம் என்ற இரண்டையும் முடிவு செய்தபிறகுதான் ட்றில்லைக் கையில் எடுக்க வேண்டும்.

கீழே சொல்வது பின்னால் கொளுவி இழுக்கும் கரவனுக்கு. படுக்கை அடித்த ஹையேஸ் வான், ரோசா பஸ் போன்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். கொளுக்கிப் பாரம் பற்றிய பகுதியை மட்டும் அவர்கள் தாண்டிப் போகலாம்.

பாரக் கணக்கு

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. இது எல்லாருக்கும் தெரியும், ஆனால் தாங்கி வாங்கும்போது மறந்துபோகும். வெல்டிங் கடையில் போய், "அண்ணை, நூற்றைம்பது லீற்றர் பிடிக்கிற மாதிரி ஒண்டு அடிச்சுத் தாங்கோ" என்று கேட்டால், தொழில் தெரிந்தவர் திருப்பிக் கேட்பார்: "தம்பி, நிறைஞ்சா அது ரெண்டு மூண்டு ஆள் பாரம். எங்க வைக்கப்போறீர்?"

கரவனின் தகட்டில் கூடியபட்ச நிறை போட்டிருக்கும். அதிலிருந்து வெறும் வண்டியின் நிறையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். 1300 கிலோ அனுமதி, வெறும் வண்டி 1100 கிலோ என்றால் மிச்சம் 200. அதற்குள் எரிவாயுச் சிலிண்டர், பாய், தலையணை, சட்டி பானை, அரிசி எல்லாம் அடங்க வேண்டும். இங்கே 70 லீற்றர் தாங்கியும் அதன் கட்டுக்கம்பியும் சேர்ந்து 80 கிலோ எடுத்தால் மற்ற எல்லாவற்றுக்கும் 120 தான். உள்ளூரில் அடித்த கரவனில் தகடு இல்லாவிட்டால், அச்சுக்கும் ரயருக்கும் எவ்வளவு தாங்கும் என்று அடித்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ரயரின் தாங்குதிறன் அதன் பக்கத்திலேயே எண்ணாக இருக்கும்.

நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு நாளைக்கு 60, 70 லீற்றர் போதும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு நாலைந்து லீற்றர்; அதில் குடிக்கும் தண்ணீரைத் தனிக் கலனில் கொண்டுபோவது நல்லது, காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். மிச்சம் முகம் கழுவ, கோப்பை கழுவ. குளிப்பைக் கிணற்றடிக்கோ குளத்துக்கோ விட்டுவிடுங்கள். தாங்கித் தண்ணீரில் குளிக்கத் தொடங்கினால் எந்தத் தாங்கியும் காணாது.

இனி இடம். தாங்கி அச்சுக்கு மேலேயோ, அதற்குக் கொஞ்சம் முன்னாலேயோ, எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக இருக்க வேண்டும். அச்சுக்குப் பின்னால் பாரம் ஏறினால் முன்பக்கம் தூக்கும். கொளுக்கியில் இறங்கும் பாரம் குறையும். வேகம் பிடித்ததும் கரவன் வாலை ஆட்டத் தொடங்கும். உதாரணத்துக்கு, கொளுக்கி அச்சிலிருந்து 4 மீற்றர் முன்னால் இருக்கிறது, 70 கிலோத் தாங்கியை அச்சிலிருந்து 1 மீற்றர் பின்னால் வைக்கிறீர்கள் என்று வையுங்கள். கொளுக்கிப் பாரத்தில் பதினேழரைக் கிலோ குறைந்துவிடும். கரவனின் மொத்தப் பாரத்தில் 5 முதல் 7 வீதம் கொளுக்கியில் இறங்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் பின்பற்றும் அளவு. ஆள் நிறுக்கும் தராசு ஒன்றை நிலத்தில் வைத்து, அதன்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கொளுக்கியை அதில் இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். வண்டி மட்டமாக நிற்க வேண்டும். தாங்கி நிறைந்திருக்க ஒரு தடவை, வெறுமையாக ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். இழுக்கும் வாகனத்தின் கொளுக்கிக்கும் ஓர் எல்லை உண்டு, அதையும் தாண்டக்கூடாது.

எந்தத் தாங்கி

வீட்டுக் கூரையில் நிற்கும் உருளைத் தாங்கிகள் உயரமானவை, இதற்குச் சரிவராது. தட்டையான பெட்டி வடிவம்தான் வேண்டும். 90 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், 20 உயரம் என்றால் 72 லீற்றர் பிடிக்கும். இருக்கைப் பெட்டிக்குள் இலகுவாக அடங்கும்.

உணவுத் தரப் பொலித்தீன் தாங்கி பாரம் குறைவு, துருப்பிடிக்காது. கிளாசும் முள்ளுக்கரண்டியும் போட்ட அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெளிச்சம் ஊடுருவாத நிறமாக இருக்கட்டும். வெளிச்சம் பட்டால் எங்கள் வெயிலுக்கு ஒரு கிழமையில் பாசி பிடித்துவிடும். துருப்பிடிக்காத எஃகில் அடிப்பிக்கலாம் என்றால் 304 ரகம் பொதுவான தேவைக்குப் போதும், ஆனால் முல்லைத்தீவுக் கரையோர உவர்த் தண்ணீரை அடிக்கடி நிரப்புவதென்றால் 316 நல்லது. வெல்டிங் உள்பக்கமும் துப்பரவாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு தடுப்புத் தகடு வைக்கச் சொல்லுங்கள், அடியில் தண்ணீர் போய்வர இடைவெளி விட்டு. பாதி நிறைந்த தாங்கியில் பிரேக் பிடித்தால் தண்ணீர் முழுவதும் ஒரே பக்கம் போய் மோதும். தடுப்பு அதை உடைக்கும்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. வயல் பக்கம் சும்மா கிடைக்கிறதே என்று கிருமிநாசினி, களைநாசினி வந்த கலன்களைத் தொடாதீர்கள். பிளாஸ்டிக் மருந்தை உறிஞ்சி வைத்திருக்கும். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் போகாது.

உள்ளேயா, கீழேயா

வெளிநாடுகளில் தாங்கியைக் கரவனின் அடியில், சேசிச் சட்டங்களுக்கு நடுவில் தொங்கவிடுவது வழக்கம். உள்ளே இடம் மிச்சமாகும், பாரமும் தாழும். இங்கே புதிதாகச் செய்கிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கிறவலில் ரயர் எறியும் கல் நேரே தாங்கியில் படும். மழைக்குப் பிறகு ரோட்டில் விழும் கிடங்குகளில் அடி தட்டும். உச்சி வெயிலில் ரோட்டுச் சூடு முழுவதும் தண்ணீரில் ஏறும். அச்சுக்கு மேலே வரும் இருக்கைப் பெட்டிக்குள் வைத்தால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. ஒழுகினாலும் உடனே தெரியும்.

கீழேதான் வேண்டும் என்றால், கோண இரும்பில் தொட்டில் அடித்து, அடியில் ஒரு தகடும் போடுங்கள். அல்-கோ போன்ற நிறுவனங்களின் மெல்லிய நாகமுலாம் சேசிகளில் துளை போடவும் வெல்ட் பண்ணவும் கூடாது, செய்தவர்களே தடுத்திருக்கிறார்கள். கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்தான் வழி. உள்ளூர்ப் பெட்டி இரும்புச் சேசியில் தாங்கு கொம்பு ஒட்டலாம், ஆனால் இழுவைக் கம்பத்தில் கை வைக்காதீர்கள். வெல்டிங்குக்கு முன் பற்றரி வயரைக் கழற்றிவிடுங்கள்.

உள்ளே வைக்கும்போது முதலில் மட்டையில் தாங்கியின் அளவுக்கு ஒரு மாதிரி வெட்டி, பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள். ஹோஸ் வளைய இடம், கிளிப்பை முறுக்கக் கை போக இடம், பின்னொரு நாள் தாங்கியை வெளியே எடுக்க வழி எல்லாம் இருக்கிறதா? அப்புறம், தாங்கியின் அடி முழுவதும் பலகையில் பதிய வேண்டும். 12 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட், அதன்மேல் இறப்பர் விரிப்பு, அதன்மேல் தாங்கி. நாலு மூலையில் கட்டை வைத்துத் தூக்கினால் நடுப்பகுதி தொய்ந்து நாளடைவில் வெடிக்கும். குறுக்கே இரண்டு தட்டைக் கம்பிப் பட்டைகள், உள்பக்கம் இறப்பர் ஒட்டி, போல்ட்டால் இறுக்கிக் கட்டுங்கள். கரவனின் தரை பெரும்பாலும் இரண்டு பிளைவுட்டுக்கு நடுவில் ரெஜிஃபோம் வைத்தது. போல்ட்டை வெறுமனே இறுக்கினால் அது அமுங்கிவிடும். மேலும் கீழும் அகலமான தகடு போட்டுப் பாரத்தைப் பரப்புங்கள். தரையில் போட்ட துளையின் விளிம்புக்குச் சீலன்ற் பூச மறக்காதீர்கள். மாரியில் ஈரம் ஏறினால் பிளைவுட் உக்கிப்போகும்.

நிரப்பும் வாயும் காற்றுக் குழாயும்

இந்த வேலையில் வன்னிக்கென்று நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

வழக்கமான அமைப்பு இப்படி: கரவனின் பக்கச் சுவரில் பூட்டுள்ள ஒரு மூடி. அதிலிருந்து 40 மில்லிமீற்றர் ஹோஸ் சரிந்து தாங்கியின் மேல்பக்கத்துக்குப் போகும். கூடவே 12 மில்லிமீற்றர் காற்றுக் குழாய் ஒன்று தாங்கியின் உச்சியிலிருந்து கிளம்பி, மூடியின் உயரத்துக்கோ அதற்கும் மேலேயோ வந்து வெளியே திறக்கும். ஹோஸ் எங்கேயும் தொய்யக்கூடாது. தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கிக் காற்றை மறித்துவிடும்.

அழுத்தமுள்ள குழாயில் நிரப்புகிறவர்களுக்கு மூடி எந்த உயரத்தில் இருந்தாலும் சரி. 20 லீற்றர் கலனைத் தூக்கிப் புனல் வைத்து ஊற்றுகிறவருக்கு அது நெஞ்சுக்கு மேலே இருந்தால் முதுகு முறியும். அதனால் தாங்கியின் மேல்மட்டத்தைவிடச் சற்று உயரமாக, இடுப்பளவில் மூடியை வையுங்கள். புனலின் வாயில் வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துக் கட்டிவிட்டு ஊற்றினால் கிணற்றுப் பாசியும் சருகும் அதிலேயே நின்றுவிடும்.

கலன் தூக்க விருப்பமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி: 12 வோல்ட்டில் ஓடும் சின்ன அமிழ்பம்ப் ஒன்றை நீளமான வயரும் ஹோஸும் சேர்த்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றடியில் பரலை நிரப்பி, பம்பை அதற்குள் போட்டு, ஹோஸை நிரப்பும் வாயில் செருகி, சுவிச்சைப் போட வேண்டியதுதான். நிமிடத்துக்கு 10 லீற்றர் தள்ளும் பம்ப் என்றால் ஏழு நிமிடத்தில் 70 லீற்றர் ஏறிவிடும். அக்வாரோல்காரர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். நல்ல யோசனையை எங்கிருந்தும் எடுக்கலாம்.

தெரிந்தவர் வீட்டில் தண்ணி மோட்டரைப் போட்டு நிரப்பும்போதுதான் கவனம் வேண்டும். மோட்டர் தள்ளும் வேகத்துக்கு 12 மில்லிமீற்றர் குழாயால் காற்று வெளியேற முடியாது. ஹோஸை இறுக்கமாகச் செருகினால் தாங்கி பலூன்போல ஊதி, இணைப்புகள் பிய்ந்துவிடும். ஹோஸ் தளர்வாக, பக்கத்தில் இடைவெளியோடு இருக்கட்டும். மோட்டரின் வால்வைப் பாதிதான் திறக்க வேண்டும்.

காற்றுக் குழாயை விட்டுவிட்டுச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். நிரப்பும்போது தண்ணீர் முகத்தில் திருப்பி அடிக்கும். பம்ப் உறிஞ்சும்போது காற்று உள்ளே வராமல் தாங்கி ஒடுங்கும். ஆகவே அது கட்டாயம். அதன் வெளி வாயில் நுளம்பு வலைத் துண்டு ஒன்றைக் கட்டி வையுங்கள். இல்லாவிட்டால் டெங்கு நுளம்புக்கு நீங்களே வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும். எறும்பும் குளவியும் வராமலிருக்கவும் அதே வலை உதவும்.

துளை போடுவது

தாங்கியை வண்டியில் ஏற்றுவதற்கு முன் இந்த வேலையை முடிக்க வேண்டும். நிரப்பும் வாயும் காற்றுக் குழாயும் மேலே. பம்புக்குப் போகும் வழி பக்கத்தில், அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில். வடிக்கும் வால்வு எல்லாவற்றிலும் தாழ்ந்த மூலையில். வட்ட வாளை மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். விளிம்பைக் கத்தியால் சுரண்டி மழமழப்பாக்கி, உள்ளே விழுந்த சீவலை ஒன்று விடாமல் கழுவி எடுங்கள். அது பிறகு பம்புக்குள் போய் மாட்டும்.

பொலித்தீனில் சிலிக்கன் ஒட்டாது. ஒட்டியது மாதிரித் தெரியும், இரண்டு நாளில் தோலாக உரியும். இரு பக்கமும் இறப்பர் வளையம் வைத்து, நட் போட்டு இறுக்கும் தாங்கி இணைப்புகளைத்தான் வாங்க வேண்டும். கையால் இறுக்கிய பிறகு சாவியால் (ஸ்பானர்) கால் சுற்று போதும். இன்னும் இறுக்கினால் இறப்பர் பிதுங்கி வெளியே வரும்.

இணைப்பை உள்பக்கமிருந்து செருக வேண்டும், கையோ அங்கே எட்டாது. இதற்கு ஒரு வழி உண்டு. துளை வழியாக மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டு, அதன் முனையை மேலே உள்ள பெரிய வாயால் வெளியே எடுங்கள். இறப்பர் வளையத்தையும் இணைப்பையும் கம்பியில் கோர்த்து, முனையைக் கொஞ்சம் மடக்கிவிட்டு, துளைப் பக்கமிருந்து இழுத்தால் இணைப்பு தானாக வந்து துளைக்குள் உட்காரும். கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நட்டைப் போடுங்கள். கை போகும் அளவுக்கு ஒரு சோதனை மூடி இருந்தால் இந்தச் சிரமமே இல்லை. பிறகு உள்ளே தேய்த்துக் கழுவவும் உதவும். தாங்கி வாங்கும்போதே அப்படிப் பார்த்து வாங்குங்கள்.

மட்டம் பார்க்க மின் காட்டி வாங்கலாம். என்னைக் கேட்டால் தாங்கியின் அடியிலிருந்து உச்சிக்கு ஒரு கண்ணாடி ஹோஸ் போதும். பார்க்காத நேரத்தில் ஒரு துணியால் மூடி வைத்தால் பாசி பிடிக்காது.

பம்ப்

12 வோல்ட் அழுத்தப் பம்ப் ஒன்று, குழாயைத் திறந்தால் தானாக ஓடி மூடினால் நிற்பது. தாங்கிக்கும் பம்புக்கும் நடுவில் சல்லடை கட்டாயம். பம்பின் இரு பக்கமும் முதல் ஓரடிக்கு வளையும் ஹோஸ் போட்டு, இறப்பர்க் காலில் நிறுத்தினால் இரவில் யாராவது கை கழுவும்போது மற்றவர்கள் திடுக்கிட்டு எழும்ப மாட்டார்கள். நேர் (பொசிற்றிவ்) வயர் பற்றரியிலிருந்து, பற்றரிக்கு அருகிலேயே பியூஸ். பெரும்பாலான பம்புகளுக்கு 10 அம்பியர், எதற்கும் பம்பின் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள். சின்னக் கரவனின் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் காணும். கை எட்டும் இடத்தில் ஒரு சுவிச் வைத்து, ஓடும்போதும் படுக்கும்போதும் அணைத்துவிடுங்கள். ஒரு கிளிப் கழன்றால் தாங்கித் தண்ணீர் முழுவதையும் பம்ப் உங்கள் மெத்தைக்கே இறைத்துவிடும்.

சோதனை

வண்டியில் ஏற்றும் முன் தாங்கியை நிரப்பி, ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே பழைய பத்திரிகைத் தாளை விரித்து ஒரு இரவு விடுங்கள். விடிய ஈர வட்டம் இருந்தால் எது ஒழுகுகிறது என்று தாளே சொல்லும். ஏற்றியபிறகு பம்பைப் போட்டு, எல்லாக் குழாயையும் மூடிவிட்டுக் காத்திருங்கள். இடைக்கிடை பம்ப் தானாக உறுமினால் எங்கோ கசிவு. குழாய் திறந்ததும் தண்ணீர் துப்பித் துப்பி வந்தால், பம்புக்கு முன்னாலுள்ள ஹோஸ் காற்றை உறிஞ்சுகிறது.

பிறகு நிறைந்த தாங்கியோடு ஓட்டம். கிளிநொச்சியிலிருந்து தெற்கே புறப்பட்டால் முறிகண்டியில் எப்படியும் நிற்பீர்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கும் நேரத்தில் ஒருவர் சாவியோடு உள்ளே போய் பட்டைகளின் போல்ட்டுகளை இறுக்கிப் பார்க்கட்டும். புதிய பட்டை முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளரும், அது வழக்கம். தூரப் பயணத்தில் தாங்கி நிறைந்திருக்க வேண்டும், அல்லது வெறுமையாக இருக்க வேண்டும். பாதியில் ஓடுவது நல்லதல்ல.

கழுவுவதும் குடிப்பதும்

புதுத் தாங்கியை மணமில்லாத பிளீச் கொண்டு கழுவ வேண்டும். 5 வீதக் குளோரின் உள்ள திரவம் என்றால் லீற்றருக்கு 1 மில்லிலீற்றர். 70 லீற்றருக்கு 70. ஒவ்வொரு குழாயையும் குளோரின் மணம் வரும்வரை திறந்து மூடி, ஒரு இரவு வைத்து, வடித்து, மணம் போகும்வரை நல்ல தண்ணீரில் அலசுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கிணற்றுக்குக் குளோரின் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எஃகுத் தாங்கியில் அதிக நேரம் விடாதீர்கள். நாலு மணித்தியாலம் போதும்.

இவ்வளவு செய்தபிறகும் தாங்கித் தண்ணீரைக் குடிக்கச் சொல்ல மாட்டேன். கிருமியைப் பற்றிய பயம் மட்டுமில்லை. வவுனியாப் பக்கமும் மற்ற இடங்களிலும் சிறுநீரக நோய் எவ்வளவு சனத்தை வாட்டுகிறது என்று தெரியும். நிலத்தடித் தண்ணீர் பல இடங்களில் கடினம், புளோரைட்டும் உண்டு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட் போகாது. ஊர்களில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்தில் வடித்த தண்ணீரைத் தனிக் கலனில் எடுத்துக்கொண்டு போங்கள். குடிக்க அது, கழுவத் தாங்கி.

அதே கடினத் தண்ணீர் சல்லடையிலும் குழாய் வாயிலும் வெள்ளையாகப் படியும். அவற்றைக் கழற்றி வினாகிரியில் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். பிளீச்சையும் வினாகிரியையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

வீடு திரும்பியதும் வடிக்கும் வால்வைத் திறந்து, தாங்கியை வெறுமையாக்கி, வால்வுக்கும் ஒரு வலைத் துண்டு கட்டித் திறந்தபடியே விடுங்கள். குளிர் நாடுகளில் தண்ணீர் உறைந்து தாங்கி வெடிக்கும் என்று வடிக்கிறார்கள். இங்கே வழுவழுப்புப் பிடிக்காமலிருக்க. உபரியாக ஒரு சல்லடை, நாலைந்து ஹோஸ் கிளிப், இரண்டு இறப்பர் வளையம், ஒரு பியூஸ் ஆகியவற்றை ஒரு பையில் போட்டுத் தாங்கிக்குப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள். ஒட்டுசுட்டானைத் தாண்டிக் காட்டுக்குள் போனபிறகு ஹார்ட்வெயார் கடை தேட முடியாது.